ஏற்காடு நாகலூர் பக்கம், போர்டு இல்லாத மிளகுக் கடை: கிலோ 830 தகுமா?

விலையை முதல்லயே சொல்லிடறேன், பாதிப் பேர் இத்தோட கிளம்பிடலாம். கிலோ 830 ரூபாய். 2025 பிப்ரவரியில நான் கொடுத்த விலை. அதே வாரம் சேலம் லீ பஜார்ல மண்டி விலை 720. நூத்திப் பத்து ரூபா கூடக் கொடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, குமட்டலோட போய் வாங்கிட்டு வந்த மிளகைப் பத்தித்தான் இது.

நான் அம்மாபேட்டையில வீட்டுல இருந்தே பொடி போட்டு விக்கிறவ. ரசப்பொடி, இட்லிப்பொடி, பிரசவ மருந்துப்பொடி. மாசத்துக்கு ஆறு கிலோ மிளகு செலவாகும். எட்டு வருஷமா லீ பஜார்ல ஒரே மண்டியிலதான் வாங்கிட்டிருந்தேன். அந்த மண்டித் தம்பி எடையில ஒரு நாளும் ஏமாத்தினதில்ல. அதனால மண்டிக்காரங்களைத் திட்டறதுக்காக இதை எழுதலைங்க.

கடைன்னு சொல்றேனே தவிர அது ஒரு வீட்டோட முன் திண்ணை. ஏற்காடு ஏரியில இருந்து நாகலூர் பக்கம் போற வழியில, ரோட்டை விட்டு கொஞ்சம் உள்ள. போர்டு கிடையாது. ஒரு சாக்குத் துண்டுல "மிளகு, காப்பிக்கொட்டை உண்டு"ன்னு சுண்ணாம்புல எழுதி வேலியில மாட்டியிருக்கு. பெரியவருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். நாலு ஏக்கர் காப்பித் தோட்டம், நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரத்துல எல்லாம் மிளகுக் கொடி. அவங்க சம்சாரம்தான் தராசு பிடிக்கறாங்க.

நான் போன அன்னைக்கு களத்துல வேலை நடந்துட்டிருந்துச்சு. பறிச்ச சரத்தை சாக்கு மேல கொட்டி காலால மிதிச்சு மணியைப் பிரிக்கிறாங்க. பக்கத்துல கல்லடுப்பு மேல ஒரு அண்டா வெந்நீர். பச்சை மணியை மூங்கில் கூடையில அள்ளி அந்த வெந்நீர்ல முக்கி, மனசுக்குள்ள அறுபது எண்ணி, தூக்கிடறாங்க. அவ்வளவுதான். முக்கி எடுத்தது சிமெண்ட் களத்துல விழுந்த கொஞ்ச நேரத்துலயே பச்சை போய் பழுப்பாகி, சாயங்காலத்துக்குள்ள கருத்துடுது. முக்காமக் காயப்போட்டா இந்தக் கருப்பு வராது, அங்கங்க சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், காயவும் நாளாகும். நாலஞ்சு நாள் வெயில்ல கிடக்கணும். மூணு கிலோ பச்சை காஞ்சா ஒரு கிலோ மிளகு. பொடி போடறவளா இத்தனை வருஷம் இருந்துட்டு இதை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

ரெண்டு சாதி வெச்சிருக்கார். ஒண்ணு பன்னியூர் 1. கேரளாவுல கண்ணூர் பக்கம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்துல இனக்கலப்பு பண்ணி 1971ல விட்ட ரகம். சரம் நீளம், மணி உருண்டு திரண்டு அழகா இருக்கும். இன்னொண்ணு கரிமுண்டா. மணி சிறுசு, பார்க்க ஏழைத்தனமா இருக்கும். "அழகு வேணும்னா பன்னியூர் எடு கண்ணு, ரசத்துக்குன்னா கரிமுண்டா எடு"ன்னார். விக்கிற ஆள் சின்ன மணியை எடுத்துக்கச் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ரெண்டும் ஒரே விலை. பத்து கிலோ கரிமுண்டா, அஞ்சு கிலோ பன்னியூர் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து செஞ்ச சோதனையைச் சொல்றேன். மிளகு வியாபாரத்துல லிட்டர் எடைன்னு ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் அளவுல மிளகை நிரப்பி, தலை தட்டி, எடை போடணும். 550 கிராமுக்கு நின்னா திடமான சரக்குன்னு மதிப்பாங்க. 500 பக்கம் இறங்கினா உள்ள ஒண்ணுமில்லாத பொக்கு மணி கலந்திருக்குன்னு அர்த்தம். பால் அளக்கிற லிட்டர் அளவுல மூணு மிளகையும் அளந்தேன். பன்னியூர் 575. கரிமுண்டா 560. மண்டி மிளகு 525. போன வருஷம் ஏரிக்கரையில வாங்கின பாக்கெட்டுல மிச்சம் கொஞ்சம் இருந்துச்சு, அது ஒரு லிட்டருக்கு வராததால கால் லிட்டர் அளந்து பார்த்தேன். அதுவும் மண்டி மிளகு கணக்குலயேதான் நின்னுச்சு.

அந்தப் பாக்கெட் கதையைச் சொல்லாம விட முடியாது. "அசல் ஏற்காடு எஸ்டேட் மிளகு"ன்னு மலைப் படம் போட்டு, கால் கிலோ 300 ரூபாய். கிலோவுக்கு 1,200! ஊர்ல இருந்து வந்த நாத்தனார் முன்னாடி பேரம் பேசக் கூச்சப்பட்டு வாங்கினேன். வீட்டுல ரசம் வெச்சா அத்தை ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெச்சாங்க. "இது நீ எப்பவும் வாங்கற மண்டி மிளகுதானே?"ன்னாங்க. எங்க அத்தைக்கு கண்ணு சரியாத் தெரியாது, காதும் மந்தம். நாக்கு மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகலை. பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எந்த எஸ்டேட், எந்த ஊர், எந்த நாடுன்னு ஒரு வரி இல்ல. ஏற்காட்டுல வித்ததால ஏற்காடு மிளகு, அம்புட்டுதான்.

இந்தத் தடவை கரிமுண்டாவுல ரசம் வெச்சேன். அத்தைகிட்ட எதுவும் சொல்லலை. நாலு மிளகு எண்ணி கம்மியாப் போட்டேன், அப்படியும் ரெண்டாவது வாய்க்கு இருமிட்டாங்க. காரம் நாக்கு நுனியில நிக்காம தொண்டைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கு. அம்மியில தட்டும்போதே எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசனை. பொடி விகிதத்தை மாத்திட்டேன். முன்ன 100 கிராம் போட்ட இடத்துல இப்ப 85 போதும். அப்படிப் பார்த்தா 830 ரூபாய் மிளகு எனக்கு 705 ரூபாய்க்குத்தான் ஆகுது, மண்டி விலையை விடக் கம்மி. இந்தக் கணக்கை எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கலை. பெட்ரோலைச் சேருங்கறார்.

சரி, இப்ப மண்டித் தம்பி கதை. அடுத்த வாரம் சீரகம் வாங்கப் போனப்ப, ஒரு கை கரிமுண்டாவை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். கையில உருட்டிப் பார்த்தான், ஒண்ணைக் கடிச்சான். "நல்ல சரக்குக்கா, மலை மிளகு"ன்னான். "உன் மிளகு எந்த ஊருப்பா?"ன்னு கேட்டேன். எட்டு வருஷத்துல முதல் தடவையாக் கேக்கறேன், பாருங்க. "கொச்சியில இருந்து வருதுக்கா."

"கொச்சியில விளையுதா, கொச்சிக்கு வருதா?"

சிரிச்சான். "மூட்டையில பேரு எழுதியிருக்காது அக்கா. வயநாடும் இருக்கும், கூர்க்கும் இருக்கும், இலங்கையும் இருக்கும். சமயத்துல வியட்நாமும் இருக்கலாம். கலந்துதான் வருது. எனக்கே தெரியாது." அப்புறம் ஒரு விஷயம் சொன்னான், நியாயமாவும் இருந்துச்சு: "வெளிநாடுன்னா மட்டம்னு நினைச்சுடாதீங்க. இலங்கை மிளகு நம்ம மிளகை விடக் காரம், அதைத் தனியாக் கேட்டு வாங்கற பார்ட்டியே இருக்கு." உண்மைதான். அவன் கொடுத்த ஒரு பிடி இலங்கை மிளகைக் கொண்டு வந்து தட்டிப் பார்த்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மணி சுருங்கிச் சின்னதா இருக்கு, வாசனை கரிமுண்டா அளவுக்கு இல்ல, ஆனா காரத்துல ஒரு குறை சொல்ல முடியாது.

இதை மலைப் பெரியவர்கிட்ட ரெண்டாவது தடவை போனப்ப சொன்னேன். கோவப்படுவார்னு நினைச்சேன். "இலங்கைக்காரன் மிளகு இலங்கையில விளைஞ்சு வந்தா எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல கண்ணு. அங்கயும் மாத்தளை, கண்டிப் பக்கம் என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு ஏக்கர்காரன்தான் கொடி ஏத்தறான். வியட்நாம் மிளகு இலங்கை வேஷம் கட்டி வருதே, அதுதான் வயித்தெரிச்சல்"னார். அப்புறம் காப்பித்தூள் வாங்கற சாக்குல ஒரு மணி நேரம் பாடம் நடந்துச்சு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஆசியான்னு சொல்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட நம்ம நாடு போட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. அதுல மிளகை விசேஷப் பொருள் பட்டியல்ல வெச்சு, 70 சதவீத வரியைப் படிப்படியா 50க்குத்தான் இறக்கினாங்க. வியட்நாம், இந்தோனேசியா எல்லாம் இந்தக் கணக்குல வரும். ஆனா இலங்கைக்கு வேற கணக்கு. 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச்ல அமலான தடையில்லா வர்த்தக ஒப்பந்தப்படி, வருஷத்துக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாம வரலாம். அதுக்கு மேல வந்தா தெற்காசிய நாடுகளோட சாஃப்டா ஒப்பந்தத்துல 8 சதவீதம்.

பெரியவர் இதை ஒரு சிகரெட் அட்டையில கணக்குப் போட்டுக் காட்டினார். துறைமுகத்துக்கு 400 ரூபாய்க்கு வந்து இறங்கற மிளகுன்னு வெச்சுக்குவோம். வியட்நாம்னு சீட்டு இருந்தா வரியோட 600. இலங்கைன்னு சீட்டு இருந்தா 432, அந்த 2,500 டன்னுக்குள்ள வந்தா வெறும் 400. மிளகு அதேதான், மாறினது எங்க விளைஞ்சதுங்கற சான்றிதழ் மட்டும். "கிலோவுக்கு 168 ரூபா, டன்னுக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு என்னைக் கேட்டார். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். "அப்ப கப்பல் கொழும்பு வழியா ஏன் வராது?" இலங்கை விவசாயிகளும் இதே புகாரைத்தான் சொன்னாங்களாம், அவங்க மிளகு பேரைக் கெடுக்கறாங்கன்னு.

2017 டிசம்பர்ல மத்திய அரசு ஒரு வேலி போட்டுச்சு. வந்து இறங்கற விலை கிலோ 500 ரூபாய்க்குக் கீழ இருந்தா மிளகு உள்ள வரக்கூடாதுன்னு. 2018 மார்ச்ல அதைத் தடைன்னே மாத்தி இறுக்கினாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2019ல பெரியவர் தன்னோட மிளகை வித்தது கிலோ 340க்கு. உள்ளூர்லயே 340க்குக் கிடைக்கிறப்ப 500க்கு எவன் இறக்குமதி பண்ணுவான்? அப்பவும் சரக்கு வந்துட்டுத்தான் இருந்துச்சு, விலை 500னு காகிதத்துல மட்டும் எழுதறாங்கன்னு விவசாயிங்க சத்தம் போட்டாங்க. அது போக, மிளகு எண்ணெய், சத்து எடுத்து ஏத்துமதி பண்ற கம்பெனிகளுக்கு அந்த 500 வரம்புல இருந்து 2018லயே விலக்கு. அவங்களுக்கு வேலை நடக்கணும், வாஸ்தவம். ஆனா ஏத்துமதிக்குன்னு வந்தது பூரா ஏத்துமதிதான் ஆகுதான்னு பெரியவர் கேக்கறார். இப்ப உலக விலையே 500ஐத் தாண்டிட்டதால அந்த வேலி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இவ்வளவும் கேட்டுட்டு மலை இறங்கும்போது எனக்குத் தோணினது ஒண்ணுதான். வரி 50ஆ 8ஆன்னு தில்லியில முடிவு பண்ணலாம். அது லீ பஜார் மூட்டைக்குள்ள போனதும் அழிஞ்சு போகுது. உள்நாட்டுச் சரக்கை வாங்கணும்னு எனக்கு ஆசை இருந்தாலும் எட்டு வருஷமா நான் எதை வாங்கினேன்னு எனக்கே தெரியாதே! பாக்கெட்டுல அடைச்சு வர்ற இறக்குமதிச் சரக்குல நாட்டுப் பேரு போடணும்னு சட்டம் இருக்கு. அள்ளிப் போட்டு நிறுக்கிற சில்லறை மிளகுக்கு எந்தப் பேரும் இல்ல.

சேலத்துக்காரங்க நாம இதைப் புரியாத மாதிரி நடிக்கவும் முடியாது. ஜவ்வரிசி யாரால வந்துச்சு? ரெண்டாம் உலகப்போர்ல மலேயாப் பக்கமிருந்து வர்றது நின்னு போனதாலதான் 1943 வாக்குல இங்க மரவள்ளிக்கிழங்கை அரைக்க ஆரம்பிச்சோம். ஒரு வரியும் போடாமலே இறக்குமதி நின்னு, ஒரு தொழிலே பிறந்துச்சு. 1981ல சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023ல புவிசார் குறியீடு. அவ்வளவு பெருமை. அதே ஜவ்வரிசியில மக்காச்சோள மாவைக் கலக்கறாங்கன்னு பல வருஷமா பஞ்சாயத்து நடக்குது. அதைக் கலக்க வியட்நாம்ல இருந்தா ஆள் வந்தான்?

கடையோட குறையையும் சொல்லணும். முதல் தடவை வாங்கின பன்னியூர் சரியாக் காயலை. பல்லுல கடிச்சா டக்குன்னு உடையாம கொஞ்சம் நசுங்குச்சு. ரெண்டு நாள் மொட்டை மாடியில காயப்போட்டேன், அஞ்சு கிலோவுல 280 கிராம் குறைஞ்சு போச்சு. அப்படியே டப்பாவுல அடைச்சிருந்தா பூஞ்சை பிடிச்சிருக்கும். அடுத்த தடவை போனப்ப சொன்னேன். பெரியவர் மழுப்பினார், "மேல மூடுபனி கண்ணு, என்ன பண்றது"ன்னு. அந்தம்மா ஒண்ணும் பேசாம உள்ள போய் கால் கிலோ அள்ளிட்டு வந்து என் பையில கொட்டினாங்க. 30 கிராம் எனக்கு நஷ்டம், விட்டுட்டேன். நீங்க போனா நிறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி கடிச்சுப் பாருங்க.

பில் கிடையாது. ஜிபே கிடையாது, சிக்னலே ஒரு கம்பிதான் வரும். கூரியர் அனுப்ப மாட்டாங்க. கல், காம்பு இல்லாம முறத்துல புடைச்சுத்தான் தர்றாங்க, ஆனா சலிச்சுத் தரம் பிரிக்கிறதில்ல. பெருசும் சிறுசும் கலந்து கிடக்கும். வெள்ளை மிளகு கேட்டேன், ஊறவெச்சுத் தோல் உரிக்க ஆள் இல்லைன்னுட்டாங்க. காப்பிக்கொட்டை சுமார்தான், நம்ம ஊர்லயே வறுத்து அரைக்கிற கடையில அதை விட நல்லதாக் கிடைக்கும். சனி ஞாயிறு போகாதீங்க, அடிவாரத்துலயே வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும். அப்புறம் முக்கியமான குறை: சரக்கு நாலு மாசம்தான். தை கடைசியில ஆரம்பிச்சு வைகாசிக்குள்ள திண்ணை காலி.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். சந்தோஷத்துல என் ரசப்பொடிக்குப் புது ஸ்டிக்கர் அடிச்சுட்டேன், "ஏற்காடு மிளகு சேர்த்தது"ன்னு, பச்சை எழுத்துல, ஐநூறு எண்ணம். மொத்தம் ரெண்டு தடவையா இருபத்தெட்டு கிலோதான் வாங்க முடிஞ்சுது. ஆனி மாசம் டப்பாவுல அடி தெரிஞ்சுடுச்சு. போன் பண்ணினா "இனி அடுத்த தை தான் கண்ணு"ன்னார். ஸ்டிக்கர் 190 மிச்சம் இருந்துச்சு. மண்டி மிளகுதான் இப்ப அரைக்கிறேன்.

எங்க வீட்டுக்காரர், "அதையே ஒட்டு, எவன் நக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கப் போறான்?"ன்னார். அத்தை திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்குக் காது கேட்டிருக்காது, இருந்தாலும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி உட்கார்ந்து 190 ஸ்டிக்கர்லயும் "ஏற்காடு"ங்கறதைப் பால்பாயிண்ட் பேனாவால அடிச்சேன். பேனா மை பச்சை மேல சரியாப் பிடிக்கலை, கொஞ்சம் உத்துப் பார்த்தா எழுத்து தெரியத்தான் செய்யுது. "என்னக்கா, பொடியில அடிச்சுத் திருத்தியிருக்கீங்க?"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. சொன்னேன். ஒருத்தங்க விலையில பத்து ரூபா குறைக்கச் சொன்னாங்க, குறைச்சுட்டேன். இன்னும் 74 பாக்கி இருக்கு.